மூச்சை எண்ண நேரமில்ல, மாத்திரையை எண்ண மட்டும் நேரமிருக்கு!

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். நான் டாக்டர் இல்ல. இன்ஜினியரிங் முடிச்சிட்டு ஓ.எம்.ஆர்.ல பொட்டி தட்டுற கூட்டத்துல ஒருத்தன். இந்தப் பதிவைப் படிச்சிட்டு யாரும் எந்த மாத்திரையையும் நிறுத்தவும் வேணாம், ஆரம்பிக்கவும் வேணாம். ஆனா திட்டப் போறேன். கிளினிக்காரங்களை, மெடிக்கல் ஷாப்காரங்களை, எல்லாத்துக்கும் மேல என்னையும் உங்களையும். நம்ம பதிவர்கள்ல ஸ்டெதாஸ்கோப் மாட்டின நாலஞ்சு பேர் இருக்கீங்க. நான் எங்கயாவது தப்பா சொல்லியிருந்தா பின்னூட்டத்துல வந்து குமுறுங்க, திருத்திக்கறேன். "வீட்டுல ஆள் இருமினா இவனும் டாக்டர் ஆயிடுவான்"னு சொல்ல வர்றவங்க, முழுசா படிச்சிட்டு சொல்லுங்க.

எங்க ஊர் வடலூர். தெரியாதவங்களுக்கு: நெய்வேலிக்குப் பக்கத்துல, வள்ளலார் ஊர். தைப்பூசத்துக்கு சத்திய ஞான சபையில ஏழு திரையை விலக்கி ஜோதி காட்டுவாங்க, ஊரே ஜனக்கடலா இருக்கும். 2024 தைப்பூசத்துக்கு அப்பா வழக்கம்போல விடியக்காலை ஜோதிக்குப் போய் பனியில நின்னுட்டு வந்தார். அப்பாவுக்கு அப்போ 58 வயசு. எட்டு வருஷமா சர்க்கரை. நால்ரோட்டுப் பக்கம் சின்னதா ஒரு நோட்டுப் புத்தகக் கடை.

ரெண்டு நாள் கழிச்சு காய்ச்சல், இருமல். தெருவே கூடி டயக்னாஸிஸ் பண்ணிடுச்சு. ஒரு கட்சி "பனி பட்டுடுச்சு"ன்னு சொல்லுச்சு. இன்னொரு கட்சி "நெய்வேலிப் பக்கம் இருந்துக்கிட்டு இருமல் வராம இருக்குமா, எல்லாம் புழுதி"ன்னு சொல்லுச்சு. எங்க ஊர்ல இருமலுக்கு இந்த ரெண்டைத் தாண்டி மூணாவதா ஒரு காரணம் இருக்கலாம்னு யாரும் லேசுல ஒத்துக்க மாட்டாங்க.

சாயங்காலம் ஒரு கிளினிக். நாப்பது பேர் உக்காந்திருந்தாங்களாம். சட்டைக்கு மேலயே ஸ்டெதாஸ்கோப்பை ஒரு சுத்து வெச்சு எடுத்தாச்சு. கையில ஒரு ஊசி, இடுப்புல ஒரு ஊசி (எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது), மூணு நாளைக்கு அஸித்ரோமைசின், ஒரு இருமல் மருந்து. மொத்தம் ரெண்டு நிமிஷம். அடுத்த ஆள்!

கேக்கல. நாலாவது நாள் அம்மா போன் பண்ணாங்க. நான் ஆபீஸ்ல ஒரு ரிலீஸ்ல மாட்டிக்கிட்டு முழிச்சிட்டு இருந்தேன். இங்கதான் நம்ம ஹீரோ என்ட்ரி. மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கு நானே போன் போட்டேன். "அண்ணே, அந்த மாத்திரை வேலை செய்யல. நல்லா ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்கண்ணே"ன்னேன். "லிவோ 500 இருக்கு தம்பி, அஞ்சு நாள் போட்டா பறந்துடும்"னார். சீட்டு கேக்கல. அவர் கேக்கணும்னு எனக்கும் தோணல.

உண்மையிலயே பறந்துடுச்சுங்க! அதுதான் இந்தக் கதையிலயே பெரிய கொடுமை. மூணாவது நாள் காய்ச்சல் இல்ல. நாலு இட்லி சாப்பிட்டார். கடையைத் திறந்தார். நான் மதிய சாப்பாட்டுல டீம் பசங்ககிட்ட, "டாக்டருங்களே வேஸ்ட்டுடா, ஆன்டிபயாடிக்ல கிளாஸ் மாத்திப் போட்டா போதும்"னு லெக்சர் அடிச்சேன் :-)

பிப்ரவரி மூணாவது வாரம் திரும்ப வந்துச்சு. சாயங்காலமானா லேசா காய்ச்சல், ராத்திரி வேர்வை. திரும்பவும் லிவோ, இந்த முறை ஏழு நாள். திரும்பவும் கொஞ்சம் தேறினார். ஆனா வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குதுன்னு அம்மா சொன்னாங்க. "சர்க்கரை ஏறியிருக்கும், அதான் இளைக்கறார்"னு அதுக்கும் ஒரு காரணம் ரெடியா இருந்துச்சு. மார்ச் ரெண்டாவது வாரம் மாடிப்படி ஏறும்போது பாதியில உக்காந்துட்டார். அன்னிக்குத்தான் லீவு போட்டுட்டு ஓடினேன். பாண்டிச்சேரியில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம்.

என் வயசுதான் இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. அப்பாவோட மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு, வாட்ச்சைப் பாத்துக்கிட்டு, ஒரு நிமிஷம் முழுசா பேசாம நின்னாங்க. எனக்குப் பொறுக்கல. "என்ன மேடம், பல்ஸ் சரியில்லையா?"ன்னு கேட்டேன். "பல்ஸ் இல்லங்க, மூச்சை எண்ணிட்டிருந்தேன். எண்ணறேன்னு சொன்னா ஐயா மாத்தி விடுவார். 28 இருக்கு." விரல்ல கிளிப்பை மாட்டினாங்க, 92. "முன்னாடி என்ன மாத்திரை குடுத்தீங்க?" நான் பெருமையா ரெண்டு காலி அட்டையையும் எடுத்து நீட்டினேன். அவங்க முகம் மாறின மாதிரி நான் புரொடக்ஷன் சர்வர் விழுந்தப்பகூட யார் முகமும் மாறிப் பாத்ததில்ல. "ரெண்டு கோர்ஸ் லிவோஃப்ளாக்ஸசினா? சளி டெஸ்ட் பண்ணாமயேவா?"

எக்ஸ்ரேல வலது நுரையீரல் மேல்பக்கம் ஒரு ஓட்டை. சளி டெஸ்ட். மறுநாள் ரிசல்ட். டி.பி.

முதல் காய்ச்சல்லேருந்து எண்ணினா ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் எங்க அக்கா பொண்ணு, ரெண்டு வயசு, தாத்தா மடியிலதான் உக்காந்திருந்தா.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

லிவோஃப்ளாக்ஸசின் ஒரு மோசமான மருந்துன்னு நான் சொல்ல வரல. தப்பான நேரத்துல அது ரொம்ப நல்ல மருந்தா இருக்கறதுதான் பிரச்சனை. அது நிமோனியா கிருமியையும் அடிக்கும், டி.பி. கிருமியையும் அடிக்கும். ஆனா டி.பி.யை ஒத்தை ஆளா முடிச்சுக் கட்ட அதால முடியாது. அரைகுறையா அடிச்சு, காய்ச்சலைக் குறைச்சு, சளியில கிருமி தெரியாத அளவுக்கு மறைச்சு வெச்சுடும். நம்ம பாஷையில சொல்லணும்னா ட்ரை-கேட்ச் போட்டு, கேட்ச் பிளாக்ல ஒண்ணுமே எழுதாம விடறது. எர்ரர் வந்துச்சு, விழுங்கியாச்சு, ஸ்க்ரீன் பச்சையா இருக்கு. உள்ள டேட்டாபேஸ் அழுகிட்டு இருக்கு. அந்த மாதிரி கோடு எழுதின ஜூனியரை கோடு ரிவ்யூல கிழிச்சுத் தொங்க விடறவன், அதையே சொந்த அப்பா உடம்புல ரெண்டு தடவை டெப்ளாய் பண்ணியிருக்கேன்.

இது ஏதோ எங்க வீட்டுல மட்டும் நடந்த விபத்துன்னு நினைச்சிடாதீங்க. 2002-லயே அமெரிக்காவுல பால்டிமோர்ல, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆளுங்க இதைக் கணக்கெடுத்திருக்காங்க. நிமோனியான்னு நினைச்சு இந்தக் குடும்பத்து மருந்தைக் குடுத்த டி.பி. நோயாளிகளுக்கு உண்மையான சிகிச்சை ஆரம்பிக்க 21 நாள் ஆச்சு. குடுக்காதவங்களுக்கு 5 நாள். அது டி.பி.யே அபூர்வமா இருக்கற நாடு. உலகத்துலயே டி.பி. நோயாளிகள் அதிகமா இருக்கறது நம்ம நாட்டுல. இங்க என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கங்க.

நம்ம டாக்டருங்களுக்கு இது தெரியாதான்னா, தெரியும். 2012-ல இந்திய நெஞ்சக மருத்துவர்களோட ரெண்டு சங்கம் சேர்ந்து, பெரியவங்களுக்கு வர்ற நிமோனியாவுக்கு வழிமுறை எழுதி வெச்சிருக்காங்க. இந்தியாவுல டி.பி. இவ்வளவு இருக்கறதால, நிமோனியான்னு சந்தேகம் வந்த உடனே இந்த ஃப்ளூரோகுயினலோன் மருந்துகளைத் தூக்கிக் குடுக்காதீங்கன்னு அதுல தெளிவா சொல்லியிருக்காங்க. வேற வியாதி இல்லாத, வீட்டுலயே வெச்சுப் பாக்கக்கூடிய ஆளுன்னா அமாக்ஸிசிலின் மாதிரி சாதா மருந்தோ, அஸித்ரோமைசின் வகையோ போதும். சர்க்கரை மாதிரி ஏதாவது இருந்தாலோ, ஆஸ்பத்திரியில சேர்க்கற அளவுக்கு இருந்தாலோ ரெண்டையும் சேர்த்துக் குடுக்கணும். அதாவது எட்டு வருஷ சர்க்கரைக்கார அப்பாவுக்கு மூணு நாள் அஸித்ரோமைசின் மட்டும் போதாது, அதையும் யாரும் யோசிக்கல. எவ்வளவு நாள் குடுக்கணும்? 2022-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சொன்னது, வெளியில வந்த நிமோனியாவுக்கு 5 நாள், ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது ஒட்டினதுக்கு 8 நாள். லேசான காய்ச்சலுக்கும் சாதா வைரஸ் இருமலுக்கும் ஆன்டிபயாடிக்கே வேணாம். சளி மஞ்சளா வருது, பச்சையா வருதுங்கறது அதுக்குக் காரணம் இல்ல. வைரஸ் சளியும் மஞ்சளாத்தான் வரும்.

அப்போ நிமோனியாவா, சாதா சளியான்னு எப்படித்தான் பிரிக்கறது? இங்கதான் எனக்கு வயிறு எரியுது. ஏன்னா இதுக்கு முதல்ல வேணுங்கறது ஒரு வாட்ச். பெரியவங்க சும்மா உக்காந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 12லேருந்து 20 தடவை மூச்சு விடுவாங்க. மூச்சு எண்ணிக்கை, நாடித்துடிப்பு, காய்ச்சல் மூணும் சாதாரணமா இருந்து, நெஞ்சுலயும் சத்தம் இல்லன்னா நிமோனியாவா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. மூச்சு ஏறியிருந்தா எக்ஸ்ரே. அதுக்கப்புறம் ஆள் எவ்வளவு ஆபத்துல இருக்கார்னு பாக்க 2003-ல பிரிட்டன்ல ஒரு கணக்கு போட்டாங்க. கர்ப்-65ன்னு பேரு. குழப்பமா பேசறாரா, ரத்தத்துல யூரியா கூடியிருக்கா, மூச்சு 30-க்கு மேலயா, ரத்த அழுத்தம் விழுந்துடுச்சா, வயசு 65 தாண்டிருச்சா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க். 0, 1 வாங்கினா இறந்து போற வாய்ப்பு 100-ல ஒண்ணரை. 2 வாங்கினா 9. 3-க்கு மேலன்னா 22. ரத்த டெஸ்ட்டே இல்லாம யூரியாவை விட்டுட்டும் இதைப் போடலாம். எங்க ஊர் மாதிரி இடத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.

நான் இதைத் தேடிப் படிச்ச உடனே முதல் வேலையா அப்பாவுக்குப் போட்டுப் பாத்தேன். யூரியாவை விட்டுட்டு எண்ணினா 0! மூச்சு 28தான், வயசு 58தான், தெளிவா பேசினார், பிரஷரும் விழல. அதனால இந்தக் கணக்கை வேதவாக்கா எடுத்துக்க வேணாம். அது ஆபத்தை அளக்கும், என்ன நோய்னு சொல்லாது, அதுல ஆக்ஸிஜனும் கிடையாது. ஆனா ஒண்ணு. அந்த டாக்டரம்மா 28-ன்னு எண்ணினதாலதான் அடுத்த கேள்வி வந்துச்சு. கணக்கு தப்பா இருக்கறது வேற, கணக்கே போடாம இருக்கறது வேற.

வயசானவங்க விஷயத்துல இது இன்னும் முக்கியம். தாத்தா பாட்டிக்கு நிமோனியா வந்தா காய்ச்சலே இல்லாம இருக்கலாம். இருமல்கூட பெருசா இருக்காது. சாப்பிட மாட்டாங்க, பாத்ரூம்ல விழுவாங்க, திடீர்னு செத்துப்போன தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. "வயசாச்சு, புத்தி தடுமாறுது"ன்னு விட்டுடறோம். அந்த நேரத்துல நெஞ்சு எவ்வளவு வேகமா ஏறி இறங்குதுன்னு ஒரு நிமிஷம் பாருங்கய்யா, அவ்வளவுதான்.

விரல் கிளிப் பத்தியும் ஒரு வார்த்தை. 1974-ல ஜப்பான்ல தகுவோ அவோயாகிங்கற இன்ஜினியர் (டாக்டர் இல்ல, கவனிக்க!) இந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கான வழியைக் கண்டுபிடிச்சார். 2020 ஏப்ரல்ல, உலகமே அதைத் தேடி ஓட ஆரம்பிச்ச அதே நேரத்துல போய்ச் சேர்ந்தார். கொரோனா சமயத்துல நம்மள்ல பாதிப் பேர் வாங்கினோம். இப்போ பேட்டரி கசிஞ்சு அலமாரியில கிடக்கும், போய்ப் பாருங்க. ஆனா இதையும் கண்ணை மூடிட்டு நம்ப முடியாது. விரல் ஜில்லுனு இருந்தாலோ, நகப்பூச்சு இருந்தாலோ தப்பு காட்டும். இன்னொண்ணு, கருத்த தோலுக்கு நிஜத்தைவிடக் கொஞ்சம் கூடவே காட்டும்னு அமெரிக்காவுல 2020-ல வந்த ஆராய்ச்சி சொல்லுது. நம்ம கலருக்கு 94 காட்டினா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி யோசிக்கணும். மூச்சு எண்ணிக்கைக்கு இந்தக் கலர் பிரச்சனையெல்லாம் கிடையாது.

இப்போ எதிர்வாதம். என் ஃப்ரெண்டு ஒருத்தன், பெரிய கம்பெனியில ஆர்க்கிடெக்ட், இந்தக் கதையைக் கேட்டுட்டு சொன்னான்: "மச்சி, நிமோனியான்னா உயிர் போற விஷயம். எது வேணா இருக்கலாம்னா எல்லாத்தையும் அடிக்கற மருந்தைக் குடுக்கறதுதானே சேஃப்? ரெசிஸ்டன்ஸ், கிசிஸ்டன்ஸ்லாம் ஊருக்கு. எனக்கு எங்கப்பா முக்கியம்." கேக்க நியாயமாத்தான் இருக்கு. உடனே நானும் வாயடைச்சுப் போனேன். அப்புறம் யோசிச்சா, இதுல தப்பு எங்க இருக்குன்னா, ஊரா அப்பாவான்னு அவன் ரெண்டா பிரிக்கறான். எங்க வீட்டுல நஷ்டப்பட்டது ஊர் இல்ல, அப்பாதான். எல்லாத்தையும் அடிக்கற மருந்து அவருக்கு எதையும் குணமாக்கல, நோயோட பேரை மட்டும் அழிச்சுட்டுப் போயிடுச்சு. அதுவுமில்லாம சாதா மருந்துக்குக் கேக்காத டி.பி.க்குக் கடைசி அஸ்திரமா வெச்சிருக்கறதே இந்தக் குடும்பத்து மருந்துகளைத்தான். 2024 செப்டம்பர்ல மத்திய அரசு அனுமதி குடுத்த நாலு மருந்து கூட்டு சிகிச்சையில மாக்ஸிஃப்ளாக்ஸசினும் ஒண்ணு, லிவோவோட சொந்தக்காரன். அரைகுறை டோஸ்ல பழக்கி விட்டா அந்த அஸ்திரமும் மழுங்கிடும். நல்ல வேளையா அப்பாவோடது முதல் வரிசை மருந்துக்கே கேட்டுச்சு. ஆறு மாசம். இப்போ நல்லா இருக்கார். அக்கா பொண்ணுக்கு டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டுத் தடுப்பு மருந்து ஆரம்பிச்சாங்க. மாசக்கணக்குல அந்தக் குழந்தைக்கு தினமும் மாத்திரையைப் பொடிச்சுக் குடுக்கும்போது அக்கா என்னைப் பாத்து ஒண்ணும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா தேவலை.

ரெண்டாவது எதிர்வாதம் டாக்டருங்க தரப்புல. "நாப்பது பேர் வெளிய உக்காந்திருக்கான், ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நிமிஷம் மூச்சு எண்ணிக்கிட்டு இருந்தா விடிஞ்சுடும். ஊசி போடலன்னா அடுத்த தெருவுக்குப் போயிடுவான்." இதுல ரெண்டாவது பாதி நூத்துக்கு நூறு உண்மை. எங்க அம்மாவே ஊசி போடாத டாக்டரை டாக்டராவே ஒத்துக்க மாட்டாங்க. ஆனா முதல் பாதி? மூச்சை எண்ண எம்.பி.பி.எஸ். எதுக்கு? டோக்கன் குடுக்கற பொண்ணு எண்ணலாம். காத்திருக்கும்போது பையன் எண்ணலாம். எண்ணி ஒரு துண்டுச் சீட்டுல எழுதி உள்ள அனுப்பினா டாக்டருக்கு மூணு செகண்டு. நேரம் இல்லைங்கறது காரணம் இல்ல, கேக்கற பழக்கம் இல்ல.

நம்ம மாநிலத்துலயே இதைச் செஞ்சு காட்டியிருக்காங்க, அதுதான் இன்னும் எரிச்சல். 2022 ஏப்ரல்ல காசநோய் இறப்பில்லா திட்டம்னு தமிழ்நாட்டுல ஆரம்பிச்சாங்க. சென்னையில இருக்கற தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் அரசும் சேர்ந்து செய்யறது. டி.பி.ன்னு தெரிஞ்ச உடனே அரசு ஆஸ்பத்திரியில பாக்கறது ரொம்ப சாதாரண விஷயங்களை. உயரத்துக்கு எடை எவ்வளவு, கால் வீங்கியிருக்கா, மூச்சு 24-க்கு மேலயா, ஆக்ஸிஜன் 94-க்குக் கீழயா, பிடிமானம் இல்லாம நிக்க முடியுதா. இதுல மாட்டினா உடனே ஆஸ்பத்திரியில சேர். ஸ்கேன் கிடையாது, பெரிய மெஷின் கிடையாது. எடை மெஷின், கிளிப், வாட்ச். ஆரம்பத்துலயே நடக்கற சாவுகள் இதால குறைஞ்சிருக்கு. அதே சாமானை டி.பி. தெரியறதுக்கு முன்னாடி, இருமிட்டு வர்ற ஒவ்வொரு பெரியவருக்கும் கிளினிக்லயே பண்ணா என்ன குடி முழுகிடும்?

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன். 1956-ல சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச ஆராய்ச்சி நிலையம்தான், டி.பி. நோயாளியை சானடோரியத்துல அடைக்க வேணாம், வீட்டுலயே மாத்திரை சாப்பிட்டாலும் குணமாகும்னு உலகத்துக்கே நிரூபிச்சது. பசியைப் பிணின்னு சொல்லி 1867-ல தருமசாலை ஆரம்பிச்சு, மூட்டின அடுப்பை இன்னிக்கு வரைக்கும் அணைய விடாத ஊர் எங்களுது. டி.பி. முதல்ல பிடிக்கறது பட்டினி கிடக்கற உடம்பைத்தான். இவ்வளவு பெருமையை வெச்சுக்கிட்டு, நால்ரோட்டுல நின்னு "ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்கண்ணே"ன்னு கேட்டவன் நான்.

இன்னொரு பொறியும் இருக்கு. சர்க்கரைக்காரங்க, வயல்ல, சேத்துல இறங்கி வேலை செய்யறவங்க, மழைக்காலம், நிமோனியா. இந்த நாலும் சேர்ந்தா மெலியாய்டோசிஸ்னு ஒரு வியாதி இருக்கலாம். மண்ணுலயும் தண்ணியிலயும் வாழற கிருமி. எக்ஸ்ரேல பாத்தா டி.பி. மாதிரியே இருக்கும். இங்க தப்பு நேர் எதிரா நடக்கும். சளி டெஸ்ட்டுல ஒண்ணும் வராது, இருந்தாலும் டி.பி.தான்னு முடிவு பண்ணி மாத்திரை ஆரம்பிச்சுடுவாங்க. கேக்கவே கேக்காது. ரத்தத்தையோ சளியையோ கல்ச்சருக்கு அனுப்பினாத்தான் தெரியும். சரியான மருந்தை ஊசியா குறைஞ்சது பத்து நாள் ஏத்தணும், அப்புறம் மாசக்கணக்குல மாத்திரை. வேலூர் சி.எம்.சி. மாதிரி இடங்கள்ல இதைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க. நெல்லும் சர்க்கரையும் சேர்ந்தே விளையற எங்க மாவட்டத்துல இந்தப் பேரைக் கேள்விப்பட்டவங்க எத்தனை பேர்? பேர் தெரியாத பக்கை யாரும் ஃபைல் பண்றதில்ல.

சரி, சட்டம் என்ன பண்ணுதுன்னு கேப்பீங்க. 2012 ஆகஸ்ட்ல சென்னையில மருத்துவ சங்கங்கள் எல்லாம் கூடி சென்னைப் பிரகடனம்னு ஒண்ணு போட்டாங்க. டாக்டர் அப்துல் கஃபூர் முன்ன நின்னு செஞ்சது. எல்லா ஆன்டிபயாடிக்கையும் ஒரே நாள்ல பூட்டினா டாக்டரே இல்லாத கிராமத்துல ஜனங்க செத்துப் போவாங்க, அதனால முக்கியமானதையாவது முதல்ல பூட்டுங்கன்னாங்க. நடைமுறை தெரிஞ்சு பேசின பேச்சு. 2014 மார்ச் 1லேருந்து ஹெச்1 அட்டவணை அமலுக்கு வந்துச்சு. அதுல லிவோஃப்ளாக்ஸசின் இருக்கு. அட்டைப்பெட்டியில சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்கணும். சீட்டு இல்லாம விக்கக் கூடாது. வித்தா எழுதின டாக்டர் பேரு, நோயாளி பேரு, எத்தனை மாத்திரைன்னு தனி நோட்டுல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். அஸித்ரோமைசின் அந்த லிஸ்ட்ல வரல. 2019-ல நாட்டுலயே அதிகமா போன ஆன்டிபயாடிக் அஸித்ரோமைசின் 500 மாத்திரைதான்னு ஒரு கணக்கு வந்துச்சு. பக்கத்துல கேரளாவுல 2024 ஜனவரியில சீட்டில்லாம ஆன்டிபயாடிக் விக்கற கடைகளைத் திடீர் சோதனை போட்டுப் பிடிக்க ஆரம்பிச்சாங்க. அங்க முடிஞ்சது இங்க ஏன் முடியல?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்னு தோணுச்சு. (டெஸ்டர் புத்தி, விடாது.) எங்களை யாருக்கும் தெரியாத ஏரியாவுல ஒரு மெடிக்கல் ஷாப்ல நின்னு, "லிவோ 500 இருக்காண்ணே?"ன்னு மட்டும் கேட்டேன். யாருக்குன்னு கேக்கல. என்ன உடம்புக்குன்னு கேக்கல. எந்த நோட்டும் திறக்கல. போன்ல டைமர் ஓடிட்டு இருந்துச்சு, 35 செகண்டு. சிவப்புக் கட்டம் போட்ட அட்டையைக் கத்திரிக்கோலோட கையில எடுத்துக்கிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி:

"அஞ்சு போதுமா தம்பி, பத்தா குடுத்துடவா?"